என் குரல் கட்டையான கதை

மரக்காணம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்புகிற சாலையில் ஒரு மைக் செட் கடை இருக்கிறது. கல்யாணம், அம்மன் கோயில் தீமிதி, மாதா கோயில் தேர், கட்சிக் கூட்டம் என்று எதற்கும் குழாய் ஸ்பீக்கர் அங்கிருந்துதான் போகும். கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, சத்தம் எதிரொலிக்காமல் செய்து, அதை ரெக்கார்டிங் ரூம் ஆக்கியிருந்தார் கடைக்காரர். அந்த அறையில்தான் எனக்கு வேலை. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோகும் விளம்பரங்களுக்கு நான் குரல் கொடுப்பேன்.

பட்டுப் புடவை, நகைக் கடை, இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் அட்மிஷன், புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை எல்லாம் என் வாயில் வந்து போனவை. என் குரல் மெலிசாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் கேட்கும். ரேஷன் கடை வரிசையில் நின்று "எனக்குப் பின்னால யாரு" என்று கேட்டால் போதும், முன்னால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "நகைக் கடை அக்கா நீங்கதானே" என்பார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது.

கடைக்காரரை நான் அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். சொந்தம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் எனக்கு இடம் கொடுக்கவில்லை. கபடி மேட்ச்சுக்கு மைக்கில் கமென்ட்ரி சொல்ல எனக்கு ஆசை. என் குரல் குழாயில் போனால் கிரவுண்டு முழுக்கக் கீச்சென்று கேட்கும், சனங்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்றார். அது உண்மைதான். ஒருமுறை பரிசு கொடுத்தவர்களின் பெயரை வாசித்தபோதே ஸ்பீக்கர் விசில் அடித்தது.

கபடி மேல் எனக்கு ஏன் அவ்வளவு பைத்தியம் என்றால், பள்ளிக்கூடத்தில் நான் எதிர்ப் பக்கம் பாடிப் போகிற ரைடர். பத்தாவதில்தான் நிறுத்தினேன். நிறுத்த வைத்தது வலி. மாதவிலக்கு வந்தால் முதல் நாள் தரையில் பாய் போட்டு அதன்மேல் சுருண்டு கிடப்பேன். அம்மா வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுப்பாள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றாள். உப்பளத்தில் மேஸ்திரியாக இருப்பவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள், சரியாகவில்லை. குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். மகள் பிறந்து நாலாவது வகுப்புக்கும் போய்விட்டாள், வலி மட்டும் அப்படியேதான் இருந்தது. போகப்போக அது முதுகுக்கும் தொடைக்கும் இறங்கியது.

போன வருஷம் ஆடிக் கடைசியில் ஒரு நாள் முகூர்த்தப் பட்டு விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்தேன். "முகூர்த்த" வரைக்கும் சொன்னேன். அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணன் எனக்கு மைக் வயரில் ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்தார். அவர் மனைவிதான் என்னைத் தாங்கி வீட்டில் விட்டார். அன்று என் வீட்டுக்காரர் உப்பளத்திலிருந்து காலில் சேறு கூடக் கழுவாமல் வந்தார். அடுத்த வாரமே பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த லேடி டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, இடது பக்கச் சினைப்பையில் சாக்லேட் கட்டி இருக்கிறது என்றார். பெயரைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். கர்ப்பப்பைக்கு உள்ளே வளர வேண்டிய சவ்வு வெளியேயும் வளர்கிறது. மாசாமாசம் அதுவும் ரத்தம் கசிகிறது, ஆனால் அந்த ரத்தம் வெளியே போக வழி இல்லை. உள்ளேயே தங்கிப் பழுப்பாகிக் கட்டியாகிறது. இத்தனை வருஷமாக எனக்குள் என்ன நடந்தது என்று ஒருவர் படம் போட்டுக் காட்டியது அதுதான் முதல் தடவை. அழுகை வரவில்லை. இனி இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று உள்ளே ஒரு துள்ளல்தான் வந்தது.

மருந்து விஷயத்துக்கு வந்தோம். முன்பு திண்டிவனத்தில் ஒருவர் எனக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்திருந்தார். அதைச் சாப்பிட்டால் கண்ணுக்கு முன்னால் ஜிகினா கொட்டினது போல மின்னும், பிறகு பாதித் தலை பிளக்கும், வாந்தி வரும். அதைச் சொன்னதும் டாக்டர் அந்த மாத்திரை பக்கமே இனி போகக்கூடாது என்றார். வேறு என்ன வழி என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஆபரேஷன் செய்யலாம். மாசம் ஒரு ஊசி போடலாம், அதில் உடம்பு சூடேறும், எலும்பைக் கவனிக்க வேண்டும். புதிதாக ஒரு மாத்திரை இருக்கிறது, அதில் சில மாசம் சொட்டுச் சொட்டாகத் தீட்டு பட்டுக்கொண்டே இருக்கலாம். இன்னொன்று பழைய கேப்ஸ்யூல், ஆம்பளை ஹார்மோன் போல வேலை செய்வது, அதில் தீட்டு பெரும்பாலும் நின்றுவிடும்.

நின்றுவிடும் என்ற சொல்லிலேயே என் மனசு நின்றுவிட்டது. எத்தனையோ வருஷமாகத் துணியும் நாப்கினும் வலியுமாகக் கழித்தவளுக்குச் சொட்டுச் சொட்டாக எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. கேப்ஸ்யூலே கொடுங்கள் என்றேன். அவர் அதன் பக்க விளைவுகளைச் சொல்லத் தொடங்கினார். எடை கூடும், முகப்பரு வரும், மீசை இடத்தில் முடி வரலாம், கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும், ஈரலுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், இதைச் சாப்பிடும்போது குழந்தை உண்டாகவே கூடாது. கடைசியாகக் குரல் கட்டையாகலாம் என்றார். நான் செய்யும் வேலையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"குரல்தான் உங்க வேலைன்னா இன்னொரு தடவை யோசிங்க. எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனா ஆச்சுன்னா சில பேருக்குத் திரும்பி வர்றதே இல்ல. கரகரப்பு தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்திட்டு வந்துடணும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் யோசித்தோம். என் வீட்டுக்காரர் உன் இஷ்டம் என்றார். எல்லாருக்கும் ஆகாது என்றுதானே சொன்னார், எனக்கு மட்டும் ஏன் ஆகப் போகிறது என்று நான் சொன்னேன். உள்ளே போய்க் கேப்ஸ்யூலுக்கே எழுதி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது, குழந்தை உண்டாகக் கூடாது என்பதற்காக அவரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதைக் காதோடு சொன்னேன். கோட்டக்குப்பம் தாண்டும் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிய முகத்தைத் திருப்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

ஆவணியில் கேப்ஸ்யூலை ஆரம்பித்தேன். அடுத்த மாசம் தேதி வந்தது. நான் பாயை எடுத்து வைத்து, வெந்நீர்ப் பையைத் தேடி வைத்து, முதல் நாளே குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. எழுந்து நின்று பார்த்தேன், குனிந்து பார்த்தேன், வாசலில் போய்த் தண்ணீர் குடத்தைத் தூக்கிப் பார்த்தேன். எங்கேயும் வலி இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்துவிட்டால் காற்று எப்படி உள்ளே ஓடுமோ அப்படி இருந்தது எனக்கு.

அந்தச் சமயம் உப்பளத்தில் வேலை முடியும் காலம். மழை வருவதற்குள் உப்பை வாரிக் குவித்து, பனை ஓலை போட்டு மூடிவிட வேண்டும். வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு நானே வரப்பு மேல் நடந்து போனேன். வெயில் வெள்ளையாகக் கொட்டியது. இரண்டு பக்கமும் உப்புக் குவியல் கண்ணைப் பறித்தது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படி நடந்து போனதுதான், அதன் பிறகு தேதி பார்த்துப் பார்த்தே நான் எங்கேயும் போகாமல் இருந்துவிட்டேன். அவர் தூரத்தில் என்னைப் பார்த்ததும் வீட்டில் ஏதோ ஆபத்து என்று பயந்து ஓடி வந்தார். சும்மாத்தான் வந்தேன் என்றதும் கேரியரைக் கையில் வாங்கிக்கொண்டார். குவியல் நிழலில் உட்கார்ந்து அவரோடு நானும் சாப்பிட்டேன். அப்படிப் பசித்து நான் சாப்பிட்டே எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளோடு கடலோரம் ஓட்டப் பந்தயம் ஓடினேன். பைக்கில் வானூர் சந்தைக்குப் போய் ஒரு கோழிக் கூண்டு வாங்கி வந்தேன், கோழி வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து, இன்னா அக்கா லாட்டரி அடிச்சிடுச்சா என்று கேட்டாள்.

டாக்டர் சொன்ன பக்க விளைவுகள் ஒன்று தவறாமல் வந்தன. ரவிக்கை எல்லாம் பிடித்தது. வயசுக்கு வந்த பெண்ணுக்கு வருவது போல முகத்தில் பரு வந்தது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் பருக்களைக் கவனமாக ஆராய்ச்சி செய்வாள். தலை எண்ணெய் வைக்காமலே பிசுபிசுக்கும். மேலுதட்டில் பூனை முடி கறுத்தது, பியூட்டி பார்லர் பெண் நூல் போட்டு எடுத்துவிட்டாள். ஒருநாள் ரெக்கார்டிங்கில் கெண்டைக்கால் சதை பிடித்து நான் ஐயோ என்று கத்தியது ஒரு வளையல் கடை விளம்பரத்தில் அப்படியே பதிந்துவிட்டது. அண்ணன் அதை வெட்டி எடுக்க மறந்துபோய், மூன்று ஊருக்கு அந்த ஐயோவும் போய்ச் சேர்ந்தது. எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. வலியே இல்லை, மற்றது எல்லாம் வரட்டும் என்றுதான் இருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊரில் எல்லாருக்கும் சளி. எனக்கும் தொண்டை கம்மினது போல இருந்தது. மிளகுப் பால் குடித்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். எல்லாருக்கும் சளி போய்விட்டது, எனக்கு மட்டும் போகவில்லை. கோட்டக்குப்பத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா எங்களுக்கு வாடிக்கை. அவர் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், கடையை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். புது விளம்பரத்துக்காகப் போன் செய்தவர், நான் ஹலோ என்றதும், "அண்ணே, அக்கா இல்லீங்களா?" என்றார். நான்தான் அக்கா என்று சொன்னதை அவர் நம்பவில்லை. மகளின் கிளாஸ் டீச்சர் போன் செய்து, சார், அம்மாகிட்டப் போனைக் குடுங்க என்றார். நான் குடுக்கிறேன் என்று சொல்லி, போனை இன்னொரு காதுக்கு மாற்றி, அம்மாதான் பேசுறேன் என்றேன். வீட்டில் அன்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் அன்று சாயங்காலம் மகளுக்குப் பேய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, பேய்க்குத் தனியாகக் குரல் மாத்த வேணாம்மா, நீ சாதாரணமாப் பேசினாலே பயமா இருக்குது என்றாள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சந்தேகம் தீர்ந்தது கடையில்தான். நகைக் கடைக்காரர் ஆடித் தள்ளுபடி விளம்பரத்தையே திரும்ப அனுப்பி, அதில் ஆடி என்ற இடத்தில் மட்டும் கார்த்திகை என்று மாற்றித் தரச் சொன்னார். நான் உள்ளே போய்க் கார்த்திகை என்று ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் அதைப் பழைய பதிவுக்கு நடுவில் ஒட்டி ஓடவிட்டார். மெலிசாக, பாட்டு போல ஒரு பெண் பேசிக்கொண்டு வருகிறாள். நடுவில் வேறு யாரோ ஒருத்தி, கட்டையாக, கார்த்திகை என்கிறாள். திரும்பவும் முதல் பெண் வந்து பேச்சை முடிக்கிறாள்.

அண்ணன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கில் ஏதோ கோளாறு என்று சொல்லி வேறு மைக் மாட்டினார். மறுபடியும் அதே. நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டீ வாங்கி வரப் போய்விட்டார். நான் அந்தப் பழைய பதிவைத் தனியாக உட்கார்ந்து இன்னும் ஒருமுறை கேட்டேன்.

வீட்டுக்கு வந்து கேப்ஸ்யூல் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிறுத்தச் சொன்னது நினைவில் இருக்கிறது. ஆனால் நிறுத்தினால் வலி வந்துவிடும். அந்த வரப்பு, அந்தச் சாப்பாடு, கடலோர ஓட்டம் எல்லாம் இந்த அட்டைக்குள்தான் இருக்கிறது என்று தோன்றியது. பிழைப்புப் போனால் போகட்டும், உடம்பாவது சும்மா இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். வீட்டுக்காரர் வந்ததும் அதையே சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் கொரல் எப்படி ஆனாலும் எனக்கு நீதான். ஆனா தொண்டையில தெரியறது இது, உள்ள தெரியாம வேற இன்னா பண்ணுதோ. டாக்டரம்மா நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திடு. காலையில போலாம்."

மறுநாள் போனோம். டாக்டர் என் முதல் வார்த்தையிலேயே புரிந்துகொண்டார். திட்டவில்லை. கேப்ஸ்யூலை அன்றோடு நிறுத்தினார், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார், தொண்டை டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு சின்ன கேமராவை விட்டு என் குரல் நாணை எனக்கே டிவியில் காட்டினார். இரண்டு வெள்ளை நாடா, நான் ஈ என்றால் சேர்கிறது, மூச்சு விட்டால் பிரிகிறது. கொஞ்சம் தடித்திருக்கிறது என்றார். கொஞ்சம் திரும்பலாம், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். கிசுகிசுவென்று பேசாதீர்கள், பழைய குரலைப் பிடிக்க முக்காதீர்கள், இருக்கிற குரலில் பேசுங்கள் என்றும் சொன்னார். உதட்டை மூடிக்கொண்டு அடி வயிற்றிலிருந்து ம் என்று இழுக்கும் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

கார்த்திகையும் மார்கழியும் எனக்கு நல்ல மாசங்களாக இல்லை. நகைக் கடைக்காரர் பழைய குரல்தான் வேண்டும் என்றார். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சின்னப் பெண்ணை அண்ணன் வரவழைத்தார். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் பதிவை வெட்டி ஒட்டினேன். அவள் நல்ல பெண், அக்கா சரியா இருக்குதா என்று என்னையே கேட்பாள். சரியாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

காலையில் உப்பளப் பக்கம் போய் ம் இழுப்பேன். பாத்தி எல்லாம் மழைத் தண்ணீர் நின்று ஏரி போலக் கிடக்கும். முதலில் கூச்சமாக இருந்தது. போகப்போக அந்தக் கட்டைக் குரலுக்கு ஒரு அடித்தளம் இருப்பதைக் கவனித்தேன். பழைய குரல் தொண்டையிலிருந்து வந்தது, உரக்கப் பேசினால் கிழியும். இது நெஞ்சிலிருந்து வந்தது. எவ்வளவு ஏற்றினாலும் கிழியவில்லை.

பிறகு காணும் பொங்கல் வந்தது.

உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில் கபடி. சுற்று வட்டார ஊர்களிலிருந்து டீம் வந்திருந்தது. மைக் செட் எங்கள் கடையுடையது. கமென்ட்ரிக்கு வழக்கமாக வரும் வாத்தியார் காலையிலிருந்து விடாமல் கத்திக் கத்தி, மத்தியானத்தில் அவர் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. பைனல் தொடங்க வேண்டும், எங்கள் மரக்காணத்துக்கும் கிளியனூருக்கும். சனங்கள் கயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். நான் வீட்டுக்காரரோடும் மகளோடும் கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"தங்கச்சி, பாயிண்ட் மட்டும் சொல்லு. வேற யாராச்சும் கெடைக்கிற வரைக்கும்."

போய் உட்கார்ந்தேன். மைக்கைத் தட்டி, மரக்காணம் பூஜ்யம், கிளியனூர் பூஜ்யம் என்றேன். குழாய் விசில் அடிக்கவில்லை. என் குரல் மைதானத்தைத் தாண்டி, தண்ணீர் நின்ற பாத்திகளைத் தாண்டி, ரோட்டோரத்து மரங்களில் போய் மோதித் திரும்பி வந்தது. கூட்டத்தில் பேச்சு அடங்கியது. ஆம்பளையா பொம்பளையா என்று நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முதல் ரைடு போனது. நான் பாயிண்ட்டோடு நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. ஆடினவளுக்குத்தானே தெரியும், ரைடர் கண் எங்கே பார்க்கிறது, கால் எங்கே போகப் போகிறது என்று. எதைச் சொல்கிறோம் என்று யோசிக்காமல் வாய் ஓடியது.

"கிளியனூர் பத்தாம் நம்பர் பாடி வர்றாரு. வலது பக்கம் பாக்குறாரு, ஆனா கால் இடது பக்கம் போகப் போகுது, கார்னர், பாத்துக்கோ கார்னர்… போயிடுச்சு, தொட்டுட்டாரு, கிளியனூருக்கு ஒரு பாயிண்ட்!"

கூட்டம் ஓவென்றது. கிளியனூர்க்காரர்கள் இரண்டு பேர் மேடைக்கு வந்து, நீங்க உங்க ஊர்க்காரனுக்கு எச்சரிக்கை பண்ணுறீங்க, இது இன்னா நியாயம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் இரண்டு ஊருக்கும் சமமாகக் கத்தினேன். வேறு ஆளைத் தேடப் போன அண்ணன் திரும்பி வந்து, ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நின்று என் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டார். யாரையும் கூட்டி வரவில்லை.

இரண்டாவது பாதியில் பாயிண்ட் மாறி மாறி ஏறியது. நான் எப்போது நாற்காலியிலிருந்து எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றபடி பேசிக்கொண்டிருந்தேன். கடைசி ரைடு எங்களுடையது. ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். எங்கள் ஏழாம் நம்பர் உப்பு மூட்டை லாரியில் ஏற்றுகிறவன், என் வீட்டுக்காரரின் கீழ் வேலை செய்பவன். அவன் உள்ளே போய் ஒருவனைத் தொட்டுவிட்டான். திரும்பும்போது காலைப் பிடித்தார்கள். ஒருவன், பிறகு இன்னொருவன், மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அவன் மூச்சை விடாமல் கபடி கபடி என்று பாடிக்கொண்டே மண்ணைப் பிராண்டிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி வந்தான்.

"கை நீளுது… கோடு பக்கத்துல இருக்குது… இன்னும் ஒரு ஜாண்… இன்னும் ஒரு விரக்கடை…"

நடுவர் விசில் அடித்தார். விரல் கோட்டைத் தொடவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து அது தெளிவாகத் தெரிந்தது. எங்கள் ஊர் மொத்தமும் தொட்டாச்சு தொட்டாச்சு என்று கத்துகிறது. நடுவர் கையை அசைத்தார். நான் மைக்கில், தொடவில்லை, கிளியனூர் ஜெயித்தது என்று சொன்னேன். கிளியனூர்ப் பக்கம் வெடித்தது. முன்பு சண்டைக்கு வந்த அதே இரண்டு பேர் ஓடி வந்து என் கையில் ஒரு கரும்பைத் திணித்துவிட்டுப் போனார்கள். தோற்றதுக்கு எனக்கு வருத்தமே வரவில்லை. உடம்பு முழுக்கத் துடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் ரைடு முடித்துத் திரும்பிய பிறகு இப்படித்தான் இருக்கும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மகள், இன்னும் ஒரு விரக்கடை, இன்னும் ஒரு விரக்கடை என்று என்னைப் போலவே கட்டைக் குரலில் சொல்லிக்கொண்டு குதித்து வந்தாள்.

தை முடியும்போது தீட்டு திரும்ப வந்தது, வலியும் கூடவே வந்தது. இந்தத் தடவை காத்திருக்கவில்லை, நேராக டாக்டரிடம் போனேன். முதலில் நான் வேண்டாம் என்ற அந்தப் புது மாத்திரையை இப்போது சாப்பிடுகிறேன். அவர் சொன்னபடியே சொட்டுச் சொட்டாகத் தீட்டு பட்டது, எந்த நாளில் படும் என்று தெரியாது. சில நாள் காரணமே இல்லாமல் மனசு கீழே போய்விடும், சோறு வடிக்கும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். அதையும் டாக்டரிடம் சொன்னேன். மறைக்காமல் சொன்னது நல்லது, கொஞ்ச மாசத்தில் குறையும், குறையாவிட்டால் வேறு பார்ப்போம் என்றார். வலி முக்கால்வாசி போய்விட்டது. பரு போய்விட்டது. குரல் கொஞ்சம் மேலே ஏறி, பாதி வழியில் நின்றுவிட்டது.

நகைக் கடையும் பட்டுப் புடவையும் அந்தச் சின்னப் பெண்ணுடையதாகிவிட்டன. எனக்கு இப்போது சிமெண்ட், முறுக்குக் கம்பி, பம்பு செட், விதை நெல் எல்லாம் வருகிறது. விவசாயிகள் என் குரலை நம்புகிறார்கள் என்று அண்ணன் சொல்கிறார்.

போன வாரம் வானூரிலிருந்து ஒரு பி.டி. டீச்சர் போன் செய்தார். சித்திரையில் பெண்கள் கபடி நடத்துகிறார்களாம், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கமென்ட்ரிக்கு நான்தான் வேண்டும் என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனாலும் மாத்திரையை நினைத்துக்கொண்டு, மேடைக்குப் பக்கத்தில் பாத்ரூம் இருக்கிறதா, நடுவில் நான் எழுந்து போக முடியுமா என்று கேட்டேன்.

"பொம்பளைங்க மேட்ச்தானே அக்கா. கிரவுண்டு தேடும்போதே மொதல்ல அதத்தான் பாத்தோம்."

சரி, வர்றேன் என்று சொல்லிவிட்டேன்.